பொம்மசந்திராவில் போட்ட சுவிட்ச்

1998 ஜூன். காலை ஏழு மணிக்குப் பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவிலிருந்து சேலத்துக்குக் கிளம்ப வேண்டிய லாரி, பத்தேகால் வரை ஓர் எலக்ட்ரீஷியன் கடை வாசலிலேயே நின்றது. பின்னால் எங்கள் தொழிற்சாலையின் நாலு டன் இயந்திரம். அதைச் சேலத்தில் பொருத்திக் கொடுக்க வேண்டிய நான், ஓசூர் ரோட்டுப் புழுதியைத் தின்றபடி டீக்கு மேல் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் பழனிச்சாமி நாமக்கல்காரர். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வந்திருந்தார். மலை இறக்கத்தில் புகைக்குழாயை ஒரு வால்வால் அடைத்தால், புகை வெளியே போக முடியாமல் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்த வால்வை மூடும் பொத்தான் தரையில், இடது கால் பக்கம் இருந்தது. கிளட்சையாவது மிதித்துவிட்டுக் காலை எடுத்துவிடலாம்; தொப்பூர் இறக்கம் முழுக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க அந்தக் கால் ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் கையால் போடும் சுவிட்ச்.

"இந்த லோடை நல்லபடியா எறக்கலீன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவாராமுங்க மொதலாளி" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

எலக்ட்ரீஷியன் ரஹீம் பாய் பொத்தானின் ஒயர்களைக் கழற்றி, டேஷ்போர்டில் வைத்த முப்பத்தைந்து ரூபாய் சுவிட்சில் இணைத்தார். பழனிச்சாமி தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது பாயே எஞ்சினை ஓட்டிச் சோதித்தும் பார்த்துவிட்டார். பிறகு கன்னடத்தில் சொன்னார்: "மொதலு காலு தெகி, ஆமேலே ஸ்விட்ச் ஹாக்கு."

பழனிச்சாமி தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி. தர்மபுரி தாண்டி ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். மூன்றரை மணிக்குத் தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டிய பழனிச்சாமி, எஞ்சினை ஓடவிட்டுச் சுவிட்சை மேல்பக்கம் தள்ளினார். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் அழுத்தித் தள்ளினார். ஒன்றுமில்லை.

"ஏமாத்திப்போட்டானுங்க சார். பழைய பொத்தானையும் கழட்டிட்டான். நான் இப்ப என்னங்க பண்ணுவேன்?" ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "மொதலாளிக்குப் போன் போட்டு வேற டிரைவர வரச் சொல்றேனுங்க."

"அவசரப்படாதீங்கண்ணே. பாய் சொன்ன மாதிரிதான போட்டீங்க?"

"ஆமாங்க. காலெடு, ஆ, மேலே சுவிட்ச் போடுன்னாருல்ல? மேலதான் தள்ளியிருக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. கன்னடத்தில் 'ஆமேலே' என்றால் 'அப்புறம்'. முதலில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, அப்புறம் சுவிட்சைப் போடு என்றிருக்கிறார் பாய். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்த எனக்கு அது கன்னடம் என்றே உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் "ஆமேலே சாப்புடறேன்" என்பதுதான் தமிழ். பக்கத்திலேயே நின்றும் ஒரு வார்த்தை விளக்காமல் விட்டது நான். ஏச்சு வாங்கியது பாய்.

"வீட்டு லைட்டு மாதிரி கீழ தள்ளுங்கண்ணே. மேல இருந்தா ஆஃப்."

தள்ளினார். 'புஸ்' என்று காற்று இறங்கியது. எஞ்சின் சத்தம் கம்மிப்போய்த் திணறியது. பழனிச்சாமி என்னைப் பார்த்தார். மூன்றாவது கியரைப் போட்டு இறக்கத்தில் விட்டார்.

அந்த வளைவுகளில் லாரி அவர் சொன்ன பேச்சைக் கேட்டது. பிரேக்கை எண்ணி ஐந்தாறு முறைதான் மிதித்திருப்பார். பெங்களூரில் நான் தினமும் இந்தி, உருது, தெலுங்கு என்று எத்தனை பேச்சைப் பாதி புரிந்துகொண்டே தலையாட்டுகிறேன்! அப்படியும் என் பிழைப்பு ஓடுவதற்கு, பாயைப் போல வேலையைச் சரியாகச் செய்துவைக்கிறவர்கள்தான் காரணம். முகம் தெரியாத அத்தனை பேருக்கும் மனசுக்குள் நன்றி சொன்னேன்.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினார். காலை இழுத்து இழுத்து ஒவ்வொரு சக்கரமாகப் போய், பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் தொட முடியாமல் கொதிக்கும் பிரேக் டிரம்மைப் புறங்கையால் தொட்டார். கடைசிச் சக்கரத்தில் கையை எடுக்கவே இல்லை.

"சார், வந்து தொட்டுப் பாருங்க. கை சுடலீங்க."