பெருங்காயம் இல்லாத ரசம்

அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த அந்த அறுபதுகளில், ரேஷன் கடையில் கோதுமைதான் தாராளமாகக் கிடைத்தது. அதைத் திரித்துச் சலித்து, பால் விட்டுக் காய்ச்சி என் மகளுக்கு ஊட்டினேன். நடை பழகும் வயது அவளுக்கு. சத்தான ஆகாரம் கொடுக்கிறோம் என்று நம்பினேன். கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பி, பேதி நிற்காமல் போனபோதும் கஞ்சியை இன்னும் நீர்க்கக் காய்ச்சினேனே தவிர நிறுத்தவில்லை. வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று ரஸ்க்கை வேறு நனைத்துக் கொடுத்தேன்.

மதுரையில், சீமையில் படித்துத் திரும்பிய ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். "கோதுமை இந்தக் குழந்தைக்கு ஆகாது. ரவை, மைதா, சேமியா, பார்லி, பன், பிஸ்கட் எதுவும் வேண்டாம். துளிகூட உள்ளே போகக் கூடாது" என்றார்.

"போனா?" என்று கேட்டேன்.

"போகாமப் பாத்துக்கங்கம்மா" என்றார். பஸ் எங்கள் ஊர் மானகிரி வந்து சேரும்வரை அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கணவரின் அக்கா, என் மதினி, எங்களோடுதான் இருந்தார்கள். அடுப்படி அவர்கள் பொறுப்பு.

"நல்ல டாக்டரப் பாத்தீக! ஊரே கோதுமையத் தின்னு உசிரோட இருக்கு, இவளுக்கு மட்டும் ஆகாதாம்ல. புள்ளையப் பாக்க வாரவுக பிஸ்கட்டு வாங்காம வெறுங்கையோடயா வருவாக?"

வந்தவர்கள் பொட்டலம் பிரிக்கும் முன்னே வாங்கி உள்ளே வைத்தேன். திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொண்டார்கள். சல்லடையைத் தனியாக வைத்தேன். மகளுக்கென்று தனிப் பாத்திரம் ஒதுக்கினேன். வயிறு கொஞ்சம் வற்றியது. பிறகு மறுபடி உப்பியது. டாக்டர் சொன்னது தப்போ? எனக்குத் தெரியாமல் மதினி எதையாவது ஊட்டுகிறார்களோ? அவர்கள் தூக்கிவைத்துக் கொஞ்சிவிட்டு இறக்கியதும், குழந்தையின் வாயை மோந்து பார்ப்பேன்.

உப்பிய வயிற்றுக்கு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம்தான் நானும் செய்தேன். கட்டிப் பெருங்காயத்தை வெந்நீரில் உரைத்து, பால் புகட்டும் சங்கான பாலாடையால் புகட்டுவது. ஒருநாள் கழுவாமல் விட்ட பாலாடையை எடுத்தால், அடியில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. விரலில் எடுத்தேன். எலெக்‌ஷன் நோட்டீஸ் ஒட்டக் காய்ச்சுகிற பசை போல இழுபட்டது.

புண்ணுக்குப் போடும் டிங்சர் அயோடின் வீட்டில் இருந்தது. ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாக மாறியது. பள்ளிக்கூடத்தில் சோற்றுக் கஞ்சியில் இப்படித்தான் செய்து காட்டினார்கள். மாவு இருக்கிறது. என்ன மாவு என்று அயோடின் சொல்லாது.

கணவரைக் காரைக்குடிக் கடையில் விசாரிக்கச் சொன்னேன். "மாவு கலக்காம எப்படிக் கட்டி புடிக்கும்னு கேக்குறான். மைதாவோ, அரிசி மாவோ, ஏதோ ஒண்ணாம்" என்றார். அரிசியே கிடைக்காத காலத்தில் எவன் பெருங்காயத்தில் அரிசி மாவைப் போடுவான்? டப்பாவை எடுத்து மேல் பரணில் வைத்தேன்.

மதினிக்கு வந்ததே கோபம். "வாய்வு புடிச்ச புள்ளைக்கு இருக்குற மருந்தையும் நிறுத்துறியாக்கும்? ஏத்தா, படிச்ச புத்தி இப்படியா போகும்?"

"ஓமம் போடுவோம் மதினி. ரசத்துக்குப் பூண்டு போதும்."

"என்னமோ செய்யி. ஏதாச்சும் ஆச்சுன்னா ஒன் தலையிலதான்."

அவர்கள் சொன்னது சரியாக இருந்தால்? ஒரு சந்தேகத்தை நம்பி, உள்ள ஒரே மருந்தையும் பிடுங்கிவிட்டேனோ? பரணைப் பார்த்துப் பார்த்து நின்றேன். இருமுறை எக்கி எடுத்தும்விட்டேன். இரண்டு முறையும் திரும்ப வைத்தேன்.

வாரங்கள் போயின. பேதி மெல்ல மெல்லக் குறைந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி வந்துவிடுமோ என்று பயம். ஒரு மதியம், நடக்க இன்னும் தெம்பு வராத மகள் தவழ்ந்து அடுப்படிக்கு வந்து, சோற்றுப் பானையைத் தட்டி வீறிட்டு அழுதாள். அதுவரை சோறு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த குழந்தை.

"புள்ள பசியில கத்துது, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்குற?" என்றார்கள் மதினி.

சோற்றைப் பிசைந்தேன். ரசத்தை விடும் முன் கரண்டியை மூக்கருகே கொண்டுபோய் மோந்தேன். மதினி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போடலத்தா," என்றார்கள். "ஊட்டு."