ஓஸ்வால்ட் பெயரில் ஒரு சிகரெட் கடை

ஜீவனஹள்ளி அல்போன்சாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. வெள்ளை மனசுக்காரர்களைத்தான் இந்த ஊர் முதலில் தேடிப் பிடிக்கிறது.

கணவர் ஓஸ்வால்ட் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். அதன்பிறகு தள்ளுவண்டியில் பீடி, சிகரெட், வாழைப்பழம் விற்று இரண்டு பெண்களை வளர்த்தாள்.

போன வருடம் சிகரெட் கம்பெனி ஏஜென்ட் ராஜேஷ்குமார் வந்தான். பேச்சில் தேன் ஒழுகியது.

"மைதானத்துல பாட்டுக் கச்சேரி நடக்குதுக்கா. கடை நாங்களே போட்டுத் தரோம், நீங்க உக்காந்து வித்தா போதும். முடிஞ்சதும் கடை உங்களுக்கே."

இவள் நம்பித் தள்ளுவண்டியை விற்றுவிட்டாள். கடை வந்தது. சுற்றிலும் கம்பெனியின் நிறம், சிகரெட் படம், விளக்கு. அவள் குடியிருந்த தெருவில் ஆட்டோவோ கடையோ புதிதாக வந்தால், வீட்டில் இறந்தவர் பெயரை எழுதி, ஃபாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிப்பார்கள். அல்போன்சாவும் உச்சியில் 'ஓஸ்வால்ட் ஸ்டோர்' என்று எழுத வைத்தாள். ராஜேஷ்குமார் தடுக்கவில்லை. அவனுக்கென்ன வந்தது?

கச்சேரியன்றே போலீஸ் வந்து கடையைத் தூக்கிக்கொண்டு போனது. புகையிலை விளம்பரம் செய்ததாக இவள்மேலும் கம்பெனிமேலும் வழக்கு. கம்பெனி வக்கீல் கொஞ்சமும் கூசாமல், "கடை எங்களுடையது அல்ல, பெயரைப் பாருங்கள்" என்றார். தண்டனை வந்தால் தெருவில் விற்க மாநகராட்சி கொடுத்த அனுமதி அட்டையும் போய்விடும்.

இலவச சட்ட உதவி வக்கீல் சிந்து படித்துப் படித்துச் சொன்னாள்.

"பேரைப் பத்திக் கேட்டா பேசாம நில்லுங்கம்மா. பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மாஜிஸ்திரேட் கடையின் போட்டோவைக் காட்டி, ஓஸ்வால்ட் யார் என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர் சார். நான்தான் எழுத வச்சேன்."

கம்பெனி தப்பித்தது. இவளுக்கு அபராதம், கடையும் அட்டையும் போயின.

வெளியே வந்ததும் சிந்து வெடித்தாள்.

"சும்மா இருக்கச் சொன்னேனே!"

"அவர் யாருன்னு கேக்கறாங்க. வாயை மூடிக்கிட்டு எப்படிம்மா நிப்பேன்?"

இப்போது அல்போன்சா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்.

சென்ற மாதம் அதே மைதானத்தில் இன்னொரு கச்சேரி. அதே நிறத்தில் ஒரு கடை. உள்ளே மரகதம் என்றொரு விதவை. இந்த முறை அவள் கேட்கும் முன்பே, இறந்துபோன கணவர் பெயரை ராஜேஷ்குமாரே உச்சியில் எழுதிக் கொடுத்திருந்தான்.