மணல்திட்டுக்குப் பின்னால் வந்த கடல்

இன்று காலை மகள் பல் தேய்த்துக்கொண்டே, “அப்பா, சனிக்கிழமை நாங்க அஞ்சு பேர் பக்காலி போறோம். ராத்திரிக்குள்ள வந்துடுவோம்” என்றாள். பத்திரமாகப் போய்வா என்று சொல்ல வேண்டிய அப்பன், “தண்ணி ஏறுற நேரம் பாத்தியா?” என்று கேட்டேன். “போன்ல இருக்கும்ப்பா” என்று சிரித்தாள். கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

சிரிக்கட்டும். இவளை ஆறு மாதமாக வயிற்றில் சுமந்துகொண்டுதான் இவள் அம்மா அந்த வங்காளக் கடற்கரைக்கு வந்தாள். எங்கள் பேட்டை டாக்குரியாவில் ரயில் ஏறி, நாம்கானாவில் படகில் கழிமுகம் தாண்டி, அப்புறம் பஸ். இப்போது பாலம் வந்துவிட்டது. அன்று அந்தப் படகு பஸ்ஸையே சுமந்துகொண்டு போகும்.

கருவாட்டு வாசனையும் சவுக்குமரக் காற்றுமாக ஊர் படத்தில் வரைந்த மாதிரி இருந்தது. கடல் மட்டும் எங்கோ தொலைவில் இருந்தது. சிவப்பு நண்டுகளைப் பார்த்தபடி மணல்திட்டுவரை நடக்கலாம் என்றேன். மாசி, அதாவது சித்தி, என்று நாங்கள் கூப்பிட்ட டீக்கடைக்காரி, “ஜோவார் ஆஸ்பே” என்றாள். தண்ணீர் ஏறும் என்று அர்த்தம்.

“நாகப்பட்டினத்துக்காரனுக்கே கடலைப் பத்திச் சொல்றா பாரு” என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். எங்கள் ஊர்க் கடல் காலையில் விட்ட இடத்தில்தான் சாயங்காலமும் இருக்கும். கடலும் இப்படி மைல் கணக்கில் போய்வரும் என்று யார் கண்டது?

திட்டில் ஏறி நண்டு பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி, “ஏங்க, பின்னாலயும் தண்ணி இருக்கே?” என்றாள்.

திரும்பினேன். திட்டுக்கும் கரைக்கும் நடுவே பழுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடியது. இறங்கிப் பார்த்தேன். முழங்கால், இன்னும் ஓரடியில் இடுப்பு. எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர்க் கடலில் நான் கற்றதெல்லாம் சுண்டல் தின்பதுதான். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் மாசி வந்தாள். சேலையைச் செருகி, மூங்கில் கழியால் தரையைக் குத்திப் பார்த்தபடி, “பாகோல் நாகி!” என்று கத்திக்கொண்டு. எங்களுக்குப் பைத்தியமா என்றுதான் கேட்டாள். என் மனைவியை நடுவில் விட்டு, கழியின் ஒரு முனையை என் கையில் திணித்தாள். மார்பளவு தண்ணீரில் கோணல்மாணலாக ஒரு மேட்டைக் காலால் தேடித்தேடி எங்களைக் கரை சேர்த்தாள்.

கடைப் பலகையில் உட்கார்ந்ததும் மனைவி, “அசையவே இல்லைங்க” என்றாள். மாசி அவள் கையை விலக்கிவிட்டுத் தன் ஈரக் கையை வயிற்றில் வைத்தாள். அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து, “நோட்சே” என்று மாசி சிரித்தாள். அந்த வங்காள வார்த்தைக்கு என் மனைவிக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓவென்று அழுதாள்.

கடைசிப் படகைப் பிடிக்க அவசரமாகக் கிளம்பிவிட்டோம். பிள்ளைக்கு மூன்று வயதானபோது மாசியிடம் காட்ட அழைத்துப் போனோம். கடைகள் வரிசையாக இருந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் டீக்கடை மாசி எங்கே என்று கேட்டேன்.

“எந்த மாசி? இங்கே இருந்த எல்லாக் கடையும் மாசிகளோடதுதான்” என்றார்.

எங்களிடம் சொல்ல வேறு பெயர் இல்லை.