காற்று வண்டிக்குப் பட்டை போட்ட கதை

எங்கள் லாரி தினமும் காலையில் எழுந்திருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராத்திரி முழுக்கப் பின்பக்கம் தாழ்ந்து கிடக்கும் வண்டி, என் வீட்டுக்காரர் இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும், படுத்த மாடு எழுவதுபோல மெல்ல முதுகைத் தூக்கும். பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் நான் தூக்குவாளியோடு நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். திருப்பூர் மண்ணரையில் எங்கள் சந்து முழுக்க அதற்குக் காற்று வண்டி என்றுதான் பேர்.

மற்ற லாரிகளில் பாரத்தைத் தாங்குவது இரும்புப் பட்டைகள். ஒன்றின்மேல் ஒன்றாக வில்போல வளைந்து அடுக்கியிருக்கும். எங்கள் வண்டியில் அந்த இடத்தில் குண்டு குண்டாக ரப்பர் பைகள், அதற்குள் காற்று. வடக்கே ஏதோ கம்பெனி கழித்துக்கட்டிய பெரிய வண்டி. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த எங்களுக்கு அதுதான் சொத்து. அந்தக் காற்றுக்காகவே ஒரு நிட்டிங் முதலாளி தன் மிஷின்களை எங்கள் வண்டியில் மட்டும்தான் ஏற்றுவார். பனியன் துணி பின்னுகிற அந்த மிஷினில் ஆயிரக்கணக்கான ஊசிகள். வழியில் பலமாக அதிர்ந்தால் அப்புறம் துணியில் நெடுக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கம்பெனியில் என் வேலை. அதனால் அவர் பயம் எனக்கு நன்றாகவே புரியும்.

பிறகு வண்டி எழுந்திருக்க நேரமெடுக்க ஆரம்பித்தது. ஒருநாள் ஒருபக்கம் மட்டும் எழுந்து, மறுபக்கம் படுத்தே கிடந்தது. குனிந்து பார்த்தேன். ரப்பர் பித்தவெடிப்பு கண்ட குதிகால்போலப் பிளந்திருந்தது. அந்த மாடலுக்குப் பை திருப்பூரிலும் இல்லை, நாமக்கல்லிலும் இல்லை. அவிநாசிபாளையத்துப் பட்டறைக்காரர், "பட்டையா மாத்திப் போடுங்க, உங்க ஆயுசுக்கும் கவலையில்லீங்க" என்றார். வேறு வழியில்லை. பைகளைக் கழற்றி, தாங்கிகளை வெல்டிங் வைத்து, பட்டைகளை ஏற்றிவிட்டார்.

"முதலாளிகிட்ட மூச்சு விடாதட்டி" என்றார் வீட்டுக்காரர்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் போறீங்களா? அவரு குனிஞ்சு பாத்தா தெரியாதா?"

முறைத்தார். ஆனால் மறுநாள் அவரே போய்ச் சொல்லிவிட்டார். பட்டை போட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த முதலாளியின் வேலை போனால், செங்கலும் ஜல்லியும் ஏற்றுகிற நூறு லாரிகளில் எங்களுடையதும் ஒன்று, அவ்வளவுதான்.

முதலாளி கோபப்படவில்லை. தறி நெசவுக் குடும்பம், நெற்றியில் திருநீறு, தணிந்த குரல். ஒரு நூல் கோனை எடுத்துக்கொண்டு வந்தார். அடி அகலமாகவும் நுனி குறுகியும் இருக்கும் அந்தக் கோனைத் தலைகீழாக, குறுகின பக்கம் கீழே இருக்கும்படி லாரியின் பலகைமேல் நிறுத்தினார். "ஏனுங்க, ரோட்டுல ஒரு சுத்து சுத்தி வாங்க. இது நின்னா மிஷினை ஏத்தறேனுங்க. விழுந்தா தப்பா நினைச்சுக்காதீங்க."

வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் கோன் விழுந்துவிட்டது.

எனக்கு அழுகை வந்தது, கூடவே எரிச்சலும். என் வீட்டுக்காரர் பாட்டுக்குத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கோ ஒரே யோசனை: ஊரெல்லாம் பட்டையில்தானே ஓடுகிறது, இது மட்டும் ஏன் இப்படிக் குதிக்கிறது? லீவு சொல்லிவிட்டு அவரோடு பட்டறைக்குப் போனேன். அங்கே கருங்கல் ஏற்றுகிற லாரி ஒன்று நின்றிருந்தது. அதற்கடியில் குனிந்து பார்த்தேன், எங்கள் வண்டிக்கடியிலும் பார்த்தேன். எங்கள் அடுக்குத்தான் தடிமனாக இருந்தது.

"அண்ணா, கல்லு வண்டியவிட எங்களுக்கு எதுக்கு அதிகமாப் பட்டை?"

"நானாத்தான் கூடச் சேத்துப் போட்டேனுங்க அம்மிணி" என்றார் பட்டறைக்காரர் பெருமையாக. "நம்மூர்ல யாருங்க அளவா ஏத்தறாங்க? அளவுக்கு மேல ஏத்துனாலும் தாங்கோணும்னுதானுங்க போட்டேன்."

"நாங்க ஏத்துறது ஒத்த மிஷின்தான் அண்ணா."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அட, அதைக் கேக்காமப் போனேனே!" அவர்மேல் கோபமே வரவில்லை. ஆசையாக இன்னொரு கரண்டி நெய் ஊற்றி வயிற்றைக் கெடுத்தவரை என்னவென்று திட்டுவது?

கூடுதல் பட்டைகளை உருவினார். அப்புறமும் வெறும் வண்டி கொஞ்சம் குதிக்கத்தான் செய்தது. "பட்டைக்கு மேல பாரம் உக்காந்தாத்தானுங்க அடங்கும்" என்றார். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "பனியன் வேஸ்ட் மூட்டைய அடுக்கிருவோமா? மிஷினுக்கு முட்டுக் கொடுத்தாப்லயும் ஆச்சு." இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அழுத்திக் கட்டிய மூட்டைகளை இரண்டு பக்கமும் வரிசையாக ஏற்றினோம்.

இந்தத் தடவை முதலாளி பின்னால் ஏறி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். எதிரில் நான். நடுவில் தலைகீழாக அந்தக் கோன். வண்டி நகர்ந்தது. மேடு வந்தது, குழி வந்தது, மார்க்கெட் ரோட்டுத் திருப்பம் வந்தது. கோன் ஆடியது, நின்றது. வேகத்தடையில் ஒருபக்கமாகச் சாய்ந்தபோது முதலாளி "முருகா" என்றார். நான் "ஏசுவே" என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டு அது திரும்ப நிமிர்ந்தது.

சுற்றி முடித்து வண்டியை நிறுத்தியதும் பின்னால் ஓடி வந்தார் என் வீட்டுக்காரர். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அப்புறம்தான் கோனைப் பார்த்தார்.

"மிஷினை ஏத்திக்கலாங்க" என்றார் முதலாளி.

என் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. நாங்கள் பசைபோட்டு ஒட்டிவிட்டோமோ என்கிற சந்தேகத்தோடு கையை நீட்டி, விரல் நுனியால் அதை லேசாகத் தொட்டார்.

கோன் உருண்டு விழுந்தது. பசையும் இல்லை, ஒன்றும் இல்லை. அதைப் பார்த்தபடியே அவர் லாரியில் சாய்ந்துகொண்டு ஓவென்று அழுதார்.