மாசியில் மலையேறாத தேனீக்கள்

காலை பத்தேகாலுக்குக் குழப்பம் தொடங்கியது. பத்தரை வரைக்கும் நல்ல நேரம் என்று குறித்திருந்ததால் யாரும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை.

எரியோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் குலசாமி கோயில். தம்பிக்கு அன்று மொட்டையும் காதுகுத்தும். கோயில் முன்னால் ஒரு பெரிய ஆலமரம். மழைக்காலம் முடிந்து முருங்கைக் காடுகள் பூக்கும்போது மலைத்தேனீக்கள் வந்து அதன் உச்சியில் முறம் முறமாக அடை கட்டும். தை முடிந்தால் மலைக்குப் போய்விடும். அதனாலேயே எங்கள் ஆட்கள் எந்த விசேஷத்தையும் மாசிக்கு முன்னால் அங்கே வைப்பதில்லை.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் அப்பா அண்ணாந்து பார்த்துத் தயங்கினார். தாய்மாமன் என்ற முறையில் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் அதிகாரியாக இருந்த மாமா சிரித்தார்.

"சும்மா பத்தவைங்க மச்சான். மாசி பொறந்து எம்புட்டு நாளாச்சு? மேல தொங்குறது வெறும் மெழுகு."

அதன் பிறகு யாரும் மேலே பார்க்கவில்லை. பொங்கலுக்கு விறகு போதாமல் பச்சைத் தென்னை மட்டையைச் செருகினார்கள். புகை நேராக மரத்துக்குள் ஏறியது.

அடுத்து நடந்தவை எனக்கு வரிசையாக நினைவில்லை. மழை வருவதுபோல ஒரு இரைச்சல். காது குத்த வந்த ஆசாரி செருப்பை விட்டுவிட்டு ஓடினார். யாரோ என் தலையில் முந்தானையைப் போட்டு இழுத்தார்கள். கண் திறந்தபோது முருங்கைக் காட்டு மோட்டார் ரூமுக்குள் இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றோம். அங்கே முதலில் சரிபார்க்கப்பட்டவை சீர்த்தட்டுகள்.

பிறகுதான் அம்மா அத்தையிடம் கையை நீட்டினாள்.

"மதினி, புள்ளையக் குடுங்க."

"எங்கிட்டயா? நீதானம்மா வச்சிருந்த."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா அப்பாவைப் பார்த்தார். தம்பி தூளியில் இருந்தான். தூளி அந்த ஆலமரத்தின் விழுதில் கட்டியிருந்தது.

கதவை நோக்கிப் போன அம்மாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். மாமா ஜமுக்காளத்தைத் தண்ணீரில் முக்கித் தலையோடு போர்த்திக்கொண்டார். "செத்த நேரம் பொறுக்கா, வாரேன்" என்று வெளியே போனார்.

தம்பியைத் தூளித் துணியோடு அள்ளிக்கொண்டு வந்தார். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். மொட்டையில் பூசிய சந்தனம்கூடக் கலையவில்லை. ஒரு கொட்டு இல்லை. தேனீக்கள் ஓடியவர்களைத்தான் துரத்தியிருக்கின்றன. மாமாவின் முகம் மட்டும் யாருடைய முகமோபோல வீங்கியிருந்தது. பிள்ளையை வாங்கிய அம்மா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். அந்தப் பார்வை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நாகல் நகரில் அவள் டியூஷனுக்குப் போகும் தெருவில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அதேபோல அடைகள் தொங்குகின்றன. பங்குனி வந்தும் அவை போகவில்லை. அந்தத் தெருவில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அவள் வெளியே வரும்வரை தொட்டியைப் பார்த்தபடி தெருமுனையில் நிற்கிறேன். அம்மாவின் பார்வை அங்கேதான் எனக்குப் புரியத் தொடங்கியது.

அன்று மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டிக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். அதற்குள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிடா வெட்டாத குறை என்றார் ஒருவர். தீட்டோடு யாரோ வந்துவிட்டார்கள் என்றாள் அத்தை. எல்லாம் முடிந்த பிறகு, மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்திலிருந்து பெரியப்பா ஒரு வாழைத்தாரோடு வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் கேட்டார். மாமாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு மரத்தைப் பார்த்தார். மாமாவிடம் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தாமதமாக வந்ததை மறைக்கத்தான் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது.

"மலையில இந்த வருசம் மழையே இல்லீங்க மாப்ள. ஒரு மரமும் பூக்கல. இங்க கெணத்துத் தண்ணியில முருங்கை பூத்துக் கெடக்குது. அதுக எதுக்குங்க மேல போகும்?"