நடக்குறவங்களுக்குப் புதுப் பாதை

ஹேவாஹெட்டயில இருந்து ரெண்டு பஸ் மாறி, இன்னைக்கு அம்மாவை பல்லேகல பக்கம் உள்ள தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன்.

'நடந்து வருவோருக்குப் புதிய பாதை'ன்னு வாசல்ல பெரிய போர்டு. பாதை தொடங்குறதே கார் பார்க்குக்குள்ளதான்.

"உள்ள விட வாகன நம்பர் வேணும்"னார் செக்யூரிட்டி.

"நாங்க நடந்து வந்தோம் அண்ணே."

"அப்ப ஒரு த்ரீவீல் புடிச்சிட்டு வாங்க."

அவர்கிட்ட கத்திட்டுத் திரும்பினா, அம்மா ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள நிக்கிறாங்க. உள்ள போற ஒவ்வொரு காருக்கும் எறங்கி எறங்கி ஒதுங்கியிருக்காங்க. தேயிலைத் தோட்டத்துல தொரை வண்டிக்கு ஒதுங்கின பழக்கம்.

"போதும்யா, பாத்தாச்சு. வீட்டுக்குப் போவோம்"னாங்க.

வந்துட்டோம்.

பாதை ரொம்ப நல்லா இருக்காம். அதுல நடந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, எந்தக் கார்ல போனீங்க?