சொட்டுக்காரரின் பன்னிரண்டு நாள்

குனிந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மெல்கிறார் சொட்டுக்காரர். தினமும் பல் துலக்கியதும் அவர் நாக்குக்குக் கிடைக்கும் முதல் தீனி இதுதான். முகம் கோணினால் அவருக்குச் சந்தோஷம். "அப்பாடா, காரம் ஏறுது!"

மணற்காட்டு நடுவே நாலு ஏக்கர் தைலச்செடி. குழாய் வால்வைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார்; பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. மனிதர் தண்ணீரில்தான் கஞ்சன், பேச்சில் இல்லை.

"இந்தச் செடிக்குத் தாகம் எடுத்தாத்தாங்க எண்ணெய் ஊறும். வயிறு முட்டக் குடிச்சா இலை மட்டும் கொழுக்கும், வாசனை போயிடும். அதுக்காக ஒரேயடியா காயப்போட்டா செத்துடும். நடுவுல நிக்கிறதுதான் பாடு."

போன அறுவடைக்கு முன் மகளின் பிரசவத்துக்குப் போனவர், வால்வை மச்சானிடம் ஒப்படைத்தார். மச்சானுக்கு இளகின மனசு. ஐயோ வாடுதே என்று தாராளமாகத் திறந்துவிட்டார். தோட்டம் பச்சைப்பசேலென்று நின்றது. காய்ச்சிப் பார்த்தால் பாதி எண்ணெய்கூடத் தேறவில்லை. "விருந்தே வச்சுட்டான் என் மச்சான்!" என்று இப்போது சிரிக்கிறார். அன்று முதலாளியம்மா முன் போய், "என் தப்பும்மா" என்று நின்றவரும் அவர்தான்.

அந்த அம்மா கத்தவில்லை. "இன்னும் ஒரு அறுவடை பாக்கலாம். இதுவும் கைவிட்டா எல்லாத்தையும் பிடுங்கிட வேண்டியதுதான்" என்றார். அந்த வார்த்தைக்கு உயிருள்ளவரை நன்றி என்று கேட்டவரிடமெல்லாம் சொல்கிறார், கேட்காதவரிடமும்.

இம்முறை அறுவடைக்குப் பன்னிரண்டு நாள் முன்பே வால்வை மூடினார். இலைகள் சுருண்டன. "ஈவு இரக்கமே இல்லையா உங்களுக்கு?" என்று மனைவி சண்டைக்கு வந்தார். "எனக்கு மட்டும் வலிக்காதா?" என்றவர், வரப்பில் உட்கார்ந்து செடிகளிடம் கெஞ்சினார்: "இன்னும் நாலே நாள், பொறுத்துக்குங்கம்மா."

அறுத்த இலையில் முதல் ஈடு காய்ச்சும்போதே விஷயம் தெரிந்துவிடும். நேற்று அறுவடை தொடங்கியது; காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் காய்ச்சும் கொட்டகையில் நின்றார். கண்ணாடிக் குடுவையில் தண்ணீருக்கு மேலே மஞ்சளாக மிதந்த எண்ணெய், நல்ல விளைச்சலுக்கென்று போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கும் மேலே ஏறியது.

"அடேங்கப்பா!" என்றார் முதலாளியம்மா. "ஒரு செடியையும் பிடுங்க வேணாம். முதல்ல நீங்க தண்ணி குடிங்க."

நீட்டிய குவளையை வாங்கியவர் குடிக்கவில்லை. தளும்பாமல் பிடித்தபடி வயலுக்கு நடந்தார். அறுத்து முடித்த பாத்திக்கான வால்வை மட்டும் முழுசாகத் திறந்தார். முதல் தூரடியில் நீர் விழுந்து மணல் கறுத்தது. அப்புறம்தான் குவளையை வாயில் வைத்தார்.